கடல் கடந்த உழைப்பும் உடல்நலமும்

மழை பொய்த்த காலங்களில் நமது புதுக்கோட்டைச் சீமையினின்றும் இலங்கை மலைத்தோட்டங்களுக்குச் சென்றோர் பலராவர். 19-ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களை நாடியவர், மன்னார்க் கரையினின்றும் மாத்தளைவரை காட்டுவழி நடந்தனர். வாந்திபேதியும் குளிர்க்காய்ச்சலும் அவருட் பலரை வழியிலேயே மாய்த்தன. தோட்டத்திலோ, வெறுங்காலுடன் ஈரமண்ணில் உழன்றமையாற் கொக்கிப்புழு உடலிற் புகுந்து இரத்தத்தை உறிஞ்சிற்று. தொழிலாளர்க்கு மருத்துவ உதவி வகுக்கும் சட்டம் 1872-ஆம் ஆண்டிற் பிறந்தது.

எனினும், மருந்தொன்றே மனநிறைவு தருமோ? கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த ‘துண்டு’ என்னுஞ் சீட்டு, ஆளையுங் கடனையும் ஒருங்கே தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றிற்று. அம்முறை 1921-இல் ஒழிந்தது. கடன்பட்டான் தன் தொழிலைத் தானே தேர்தல் யாங்ஙனம்?

ஆதலின், இந்நாளிற் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்லும் நம் இளைஞர், தரகர்க்குக் கடன்படாது, ஒப்பந்தத்தைப் படித்தறிந்து செல்வாராக. கடனின்மையே உழைப்பாளிக்கு முதல் மருந்தென யாம் துணிகின்றோம்.