டிராகன்னு நம்பி வாங்கின குதிரை

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸ்ல பில்டு ஓடி முடியறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். (எனக்கு வரலாறு தெரிஞ்சதெல்லாம் இந்த மாதிரி நேரத்துலதான்.) அப்போ கண்ணுல பட்டது ஒரு வெண்கலக் குதிரை. 1969ல சீனாவோட கான்சு மாகாணத்துல, வூவெய்ங்கிற ஊர்ல, ஒரு ஹான் காலத்துக் கல்லறையில கிடைச்சது. உயரம் 34.5 செ.மீ.தான். மூணு கால் அந்தரத்துல, நாலாவது கால் பறந்துகிட்டு இருக்கிற ஒரு பறவை மேல. இதை ஓடுற குதிரைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. பறக்கறதுக்கு லைசென்ஸ் வாங்கின குதிரை :-)

சீனர்களுக்கு குதிரையும் டிராகனும் ஒண்ணுவிட்ட சொந்தம். எட்டு சீன அடிக்கு மேல உயரம் இருந்தா அந்தக் குதிரைக்குப் பேரே டிராகன்தான்னு அவங்களோட பழைய சடங்கு நூல் ஒண்ணு சொல்லுது. 16ம் நூற்றாண்டு நாவலான 'மேற்கு நோக்கிய பயணம்' கதையிலயும் இதே சொந்தம்தான். நம்ம பாடப்புத்தகத்துல வர்ற, காஞ்சிபுரம் வரைக்கும் வந்துட்டுப் போன யுவான் சுவாங்தான் அதுல நாயகர். அவரைச் சுமந்துகிட்டுப் போற வெள்ளைக் குதிரை நிஜத்துல ஒரு டிராகன் இளவரசன்.

கதையா இருக்கிற வரைக்கும் சரி. இதை ஒரு பேரரசர் நம்பிட்டார். அங்கதான் வில்லங்கம்.

ஹான் பேரரசர் வூ, கி.மு. 141ல பட்டத்துக்கு வந்தவர். ஆதிகாலத்து மஞ்சள் பேரரசர் டிராகன் மேல ஏறி சொர்க்கத்துக்குப் போனார்னு யாரோ சொல்லக் கேட்டு, அந்த மாதிரி ஒரு வாய்ப்பு கிடைச்சா பொண்டாட்டி பிள்ளைகளைச் செருப்பு மாதிரி கழட்டி விட்டுட்டுப் போயிடுவேன்னாராம். எழுதி வெச்சவர் அவரோட அரசவையிலயே வேலை பார்த்த சீமா சியான்.

ராஜா இப்படின்னு தெரிஞ்சா விடுவாங்களா? கி.மு. 113ல துன்ஹுவாங் பக்கம் ஒரு 'தெய்வக் குதிரை' ஆத்துத் தண்ணியிலிருந்து வந்துச்சுன்னு கொண்டாந்து கொடுத்தாங்க. உண்மை என்னன்னு பிற்கால உரையாசிரியர் ஒருத்தர் எழுதியிருக்கார். அங்க நாடு கடத்தப்பட்டிருந்த ஒரு கைதி, காட்டுக் குதிரைகள் தண்ணி குடிக்கிற இடத்துல களிமண்ல ஒரு ஆள் பொம்மை செஞ்சு, கையில கடிவாளமும் கொடுத்து நிறுத்தி வெச்சான். குதிரைங்களுக்கு அது பழகிப்போச்சு. ஒருநாள் பொம்மையை எடுத்துட்டு அவனே போய் நின்னுட்டான். அவ்ளோதான், பிடிச்சாச்சு! நம்ம ஊர்ல அய்யனாருக்கு மண் குதிரை. அங்க குதிரைக்கு மண் மனுசன்.

ஆனா வூவை வெறும் கிறுக்கர்னு தள்ளிட முடியாது. வடக்கே ஷியோங்னு நாடோடிகள் குதிரை மேலயே பொறந்து வளர்ந்தவங்க. கி.மு. 119 படையெடுப்புல எல்லையைத் தாண்டிப் போன ஹான் குதிரைகள் 1,40,000, திரும்பினது 30,000கூட இல்ல. நல்ல குதிரை நிஜமாவே தேவைப்பட்டுச்சு.

அந்த நேரம் பார்த்துதான் ஃபெர்கானாவுல ரத்த வியர்வை சிந்துற 'வானுலகக் குதிரை' இருக்குன்னு தகவல். (இன்னைக்கு உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான்னு மூணு நாட்டுக்கும் பங்கு இருக்கிற பள்ளத்தாக்கு அது.) வூ, ஆயிரம் பொன்னோட தங்கத்துல செஞ்ச ஒரு குதிரையையும் கொடுத்தனுப்பினார். தர மாட்டோம்னுட்டாங்க. தூதர் கோவத்துல அந்தத் தங்கக் குதிரையை உடைச்சுப் போட்டுட்டுக் கிளம்ப, வழியிலயே அவரைக் கொன்னுட்டாங்க.

கி.மு. 104ல படை கிளம்புது. தளபதி லீ குவாங்லி, பேரரசரோட ஆசை நாயகியின் சகோதரர், அதாவது மச்சான். (மச்சானுக்கு புராஜெக்ட் கொடுக்கிறது அப்பவே இருந்திருக்கு!) பட்டினியிலயே படை கரைஞ்சு, பத்துல ஒண்ணு ரெண்டு பங்கு ஆளுங்கதான் துன்ஹுவாங் திரும்பினாங்க. வூ என்ன பண்ணார் தெரியுமா? ஜேடு வாசல்ங்கிற எல்லைக் கோட்டையை அடைச்சு, உள்ளே நுழையறவன் தலையை வெட்டுன்னு உத்தரவு போட்டார். ஊரைக் கண்ணால பார்க்கிற தூரத்துல நிக்கிறவனுக்கு!

அடுத்த முறை 60,000 வீரர்கள், 30,000 குதிரைகள், ஒரு லட்சம் மாடுகள். நகரத்துக்குப் போற தண்ணியைத் திருப்பி விட்டுட்டு நாப்பது நாள் முற்றுகை. கடைசியில அந்த ஊர்ப் பிரபுக்களே தங்க ராஜா தலையை வெட்டி அனுப்பி, குதிரையை எடுத்துக்கோங்கன்னுட்டாங்க. கிடைச்ச உயர்ரகக் குதிரைகள் சில பத்துதான். நடுத்தரம், அதுக்குக் கீழ இருக்கிறதுன்னு ஒரு 3,000. கி.மு. 101ல ஜேடு வாசலுக்குள்ள திரும்பி வந்தவங்க பத்தாயிரத்துச் சொச்சம்.

உயர்ரகம் ஐம்பதுன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க. ஒரு குதிரைக்கு ஆயிரம் ஆள் வருது. ரெண்டு தடவை கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன். இத்தனை பேரும் சண்டையிலயோ பசியிலயோ மட்டும் சாகல, அதிகாரிங்க சிப்பாய்களுக்குச் சேர வேண்டியதைச் சுருட்டினதாலயும் செத்தாங்கன்னு சீமா சியான் எழுதறார். மச்சானுக்குப் பிரபுப் பட்டம் கிடைச்சுது.

ரத்த வியர்வைக்கு இப்போ சொல்ற காரணம், குதிரையோட தோலுக்கடியில வாழற ஒரு ஒட்டுண்ணிப் புழு. அதாவது அந்த டிராகன் அடையாளம் அனேகமா ஒரு வியாதி.

கி.மு. 87ல வூ எல்லாரையும் போல செத்துப்போனார். குதிரைங்களுக்காக மேற்கிலிருந்து விதை கொண்டாந்து அரண்மனையைச் சுத்தி விதைச்ச தீவனப் பயிர் மட்டும் சீனாவுல நிலைச்சு நின்னுடுச்சு. எங்க மாமா தோட்டத்துலயும் அது இருக்கு, மாட்டுக்கு வெட்டிப் போடறார். பேரு குதிரை மசால்.