முக்குக் கடை ஈரானிகள்

மும்பை மெட்ரோ தியேட்டருக்கு எதிரே, ஜெர் மஹால் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது கயானி அண்ட் கோ. 1904-இல் தொடங்கிய கடை. காலையில் போய் உட்கார்ந்து ‘ப்ருன் மஸ்கா’ கேட்டால், உள்ளங்கையளவு ரொட்டியை இரண்டாகப் பிளந்து, வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, துண்டு போட்டுத் தருகிறார்கள். அதன் மேலோடு முறுக்குப்போல் நொறுங்கும். அவசரப்பட்டுக் கடித்தால் மேலண்ணம் கீறிவிடும். சாயாவில் தோய்த்தால் ஓடு இளகும். வெண்ணெய் உருகி டீயின் மேல் பொன்னிறப் பொட்டுகளாக மிதக்கும். கடைசி மடக்கில் லேசான உப்பும் வெண்ணெய் மணமும் இருக்கும்.

இந்த ருசியை மும்பைக்குக் கொடுத்த ஈரானிகள் பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

பார்சிகளும் ஈரானிகளும் ஒன்றென்றே பலரும் நினைக்கிறார்கள். இரு சாராரிலும் பெரும்பாலோர் ஜொராஸ்டிரிய சமயத்தவர்தாம். ஆனால் பார்சிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குஜராத் கரையில் குடியேறியவர்கள். ஈரானிகள் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யஸ்த், கெர்மான் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கஜார் மன்னர்கள் ஆண்ட பாரசீகத்தில் அவர்கள்மீது, முஸ்லிம் அல்லாதவர்கள் கட்ட வேண்டிய ஜிஸ்யா வரி இருந்தது. அவர்களுக்காகப் பேச மானெக்ஜி லிம்ஜி ஹதாரியாவைப் பம்பாய்ப் பார்சிகள் 1854-இல் அங்கே அனுப்பிவைத்தார்கள். பல்லாண்டு முயற்சிக்குப் பிறகு 1882-இல்தான் வரி நீங்கியது. இடையில், 1870-களின் தொடக்கத்தில் கொடும் பஞ்சம் வேறு. ஊரைவிட்டுக் கிளம்பியவர்களுக்குப் பம்பாய் புகலிடமானது.

வந்தவர்களிடம் பெரிய முதல் கிடையாது. தெருமுனை மனைகள் வியாபாரத்துக்கு ஆகாது என்று இந்து வணிகர்கள் ஒதுக்கியதால், அவை ஈரானிகளுக்கு மலிவாகக் கிடைத்தன என்று மும்பையில் சொல்வார்கள். முக்குக் கடைக்கு இரண்டு தெருக்களிலும் வாசல். காற்றும் வெளிச்சமும் தாராளம். எந்தப் பக்கம் போகிறவர் கண்ணிலும் படும். உள்ளே சலவைக்கல் பதித்த மேசைகள், ஐரோப்பாவிலிருந்து வந்த வளைமர நாற்காலிகள், சுவரெங்கும் நிலைக்கண்ணாடிகள், பிஸ்கட் நிரம்பிய கண்ணாடி ஜாடிகள், ஜொராஸ்டிரிய சமயத்தை நிறுவிய ஜரதுஷ்டிரரின் படம். கல்லாவில் இருப்பவர் எழுந்து நடக்காமலே கண்ணாடிகளின் வழியே கடை முழுவதையும் பார்த்துவிடுவார்.

சாதிக்கும் சமயத்துக்கும் ஏற்பச் சாப்பாட்டுக் கடைகள் பிரிந்து கிடந்த காலம் அது. ஈரானி கடையிலோ ஆலைத் தொழிலாளி, டாக்ஸி ஓட்டுநர், கல்லூரி மாணவர், வக்கீல் என எல்லாரும் வந்தார்கள். காலணாக் கணக்கில் டீ, பன் மஸ்கா, கீமா பாவ், ‘அகூரி’ என்னும் முட்டைப் பொடிமாஸ். ஒரு டீயை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்தும் இருக்கலாம்.

அப்படி உட்கார்ந்தவர்களைக் கட்டுக்குள் வைக்கச் சில கடைகள் அறிவிப்புப் பலகை மாட்டின. கயானிக்கு அருகே இருந்த பாஸ்தானியின் பலகையில் செய்யக்கூடாதவை நீளமாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. அதைப் பார்த்துத்தான் மும்பைக் கவிஞர் நிசிம் எசக்கியேல் ஒரு கவிதையே எழுதினார். பாஸ்தானி இன்று இல்லை.

பாஸ்தானி மட்டுமல்ல. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த கடைகளில் இன்று எஞ்சியவை சொற்பம். பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போனார்கள்; உடுப்பி ஓட்டல்கள் பெருகின; முக்கு மனையின் விலை டீ விற்றுக் கட்டுப்படியாகாத உயரத்துக்குப் போனது. 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், காற்று மாசைக் கருதி, விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகளை ஆறு மாதத்தில் வேறு எரிபொருளுக்கு மாறச் சொன்னது. மாசைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ப்ருன்னின் அந்த முறுகல் ஓடு விறகடுப்பின் சூட்டில் பழகியது. ரொட்டி போடுகிறவர்களின் கவலையும் நியாயமானதே.

எஞ்சிய கடைகளில், மதியச் சாப்பாட்டுக்கு பல்லார்ட் எஸ்டேட்டிலுள்ள பிரிட்டானியாவுக்குப் போக வேண்டும். கப்பல்துறையை ஒட்டிய அந்த அலுவலகப் பகுதியில் 1923-இல் திறந்த உணவகம் அது. இரண்டாம் உலகப் போரின்போது கட்டடத்தை ராணுவம் எடுத்துக்கொண்டது. போருக்குப் பிந்தைய பல ஆண்டுகளில் அதை நடத்திய போமன் கோஹினூர் 2019-இல், 97 வயதில் காலமானார். முதிய வயதிலும் மேசை மேசையாகப் போய் விருந்தினரோடு பேசியவர். அவருடைய மனைவி ஈரானில் வேலை பார்த்தபோது கற்றுவந்த ‘ஜெரெஷ்க் பொலோ’வை இங்குள்ள நாக்குக்கு ஏற்ப மசாலா கூட்டிச் செய்தார். பெர்ரி புலாவ் என்ற பெயரில் இன்று கடையின் அடையாளமே அதுதான். உதிரி உதிரியான பாஸ்மதிச் சோறு, அடியில் புதைந்த கறி, மேலே மொறுமொறு வெங்காயம், அதன் நடுவே மிளகளவில் செக்கச்செவேலென்ற உலர்பழங்கள். பல்லில் ஒன்று பட்டதும் சுள்ளென்று புளிக்கும். அந்தப் பழம் மட்டும் ஈரானிலிருந்தே வருகிறது.