டிஜிட்டல் படத்திருத்தம்: அடிப்படைகளும் கலைச்சொற்களும்

கேமராவோ ஸ்கேனரோ எண்களாகப் பதிவு செய்த படத்தின் ஒளி, நிறம், அளவு, உள்ளடக்கம் ஆகியவற்றைக் கணினியிலோ கைபேசியிலோ மாற்றும் வேலை டிஜிட்டல் படத்திருத்தம் எனப்படும். படம் திரையில் காட்சியாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை எண்களே. மென்பொருளின் எந்தக் கருவியும் கடைசியில் இந்த எண்களைத்தான் கூட்டிக் குறைக்கிறது. இந்த ஒன்று புரிந்தால் பெயர்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்வெட்டு, கோட்டை, சுவரோவியம் என்று படம் எடுக்கத் தக்கவை நிறைய உள்ளன. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அவற்றிலிருந்தே வருகின்றன.

கணினிக்கு முன்

படத்தைத் திருத்தும் வழக்கம் கணினியைவிட மிகப் பழையது. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், புதுக்கோட்டைக் காட்சிகளைப் படமெடுத்து 1858இல் தொகுப்பாக வெளியிட்டார். அக்காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளியை மிகுதியாகவும் பச்சை ஒளியைக் குறைவாகவும் வாங்கும். ஆகவே வானம் வெறும் வெள்ளையாகிவிடும். மரங்கள் கறுத்துத் திட்டாகிவிடும். டிரைப் தம்முடைய மெழுகுக் காகித நெகட்டிவ்கள் பலவற்றின்மீது வண்ணம் தீட்டி, வானத்தில் மேகத்தையும் மரத்தில் இலைகளையும் வரவழைத்தார். பிற்காலத்தில் ஊர்தோறும் ஸ்டூடியோக்களில் நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால் முகத்தழும்பை மறைத்த வேலைக்கு ‘டச்சிங்’ என்று பெயர். இன்றைய மென்பொருள்களில் உள்ள கருவிகள் பல இந்தக் கைவேலையிலிருந்து வந்தவை.

ஒரு புகைப்படம் முதன்முதலில் கணினிக்குள் நுழைந்தது 1957இல். அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் படத்தை 176-க்கு 176 புள்ளிகளாக ஸ்கேன் செய்தார். தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990இல் விற்பனைக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் தொடங்கிய கிம்ப் 1996இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளிவந்தது. கட்டற்ற மென்பொருளான அதைக் காசின்றி நிறுவிக்கொள்ளலாம்; கற்றுக்கொள்பவருக்கு அதுவே போதும்.

படப்புள்ளியும் தெளிவும்

டிஜிட்டல் படத்தின் மிகச் சிறிய அலகு பிக்சல் எனும் படப்புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே நிறம்தான். திருமயம் கோட்டையை 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தால் அகலத்தில் 6000, உயரத்தில் 4000 என 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். இந்தப் புள்ளிக்கணக்கு மட்டுமே படத்தின் சொந்தச் சொத்து. அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்பது அச்சிடும்போது முடிவாகும் விகிதம். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

அதே திருமயம் படத்தைப் புத்தகத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 20 அங்குல அகலம் வரும். அதையே 12 அடிக்கு 8 அடி ஃபிளக்ஸ் பேனராகப் போட்டால் அங்குலத்துக்கு 42 புள்ளிகூடத் தேறாது. ஆனாலும் பேனர் நன்றாகவே தெரியும், ஏனெனில் அதைப் பார்ப்பவர் பல அடி தள்ளி நிற்கிறார். கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும். தொலைவு கூடக்கூடத் தேவை குறையும். கோப்பில் எழுதியிருக்கும் 72 என்ற எண்ணை 300 என்று மாற்றுவதால் மட்டும் படத்தில் ஒரு புள்ளியும் கூடுவதில்லை.

படத்தின் ஓரங்களை வெட்டி வேண்டிய பகுதியை மட்டும் வைத்துக்கொள்வது கிராப் எனும் கத்தரிப்பு. மொத்தப் படத்தையும் சிறிதாக்குவதோ பெரிதாக்குவதோ அளவுமாற்றம். சிறிதாக்கினால் நட்டம் அதிகம் தெரியாது. பெரிதாக்கும்போது இல்லாத புள்ளிகளை மென்பொருள் அக்கம்பக்கத்து நிறங்களைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. அதனால் விளிம்புகள் மழுங்கும். சிறிய படத்தைப் பெரிய பேனருக்கு இழுக்கும்போது முகம் குழைந்துபோவதற்குக் காரணம் இதுவே.

நிறமும் ஒளியும்

திரையில் காணும் எல்லா நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலவை. இம்மூன்றும் மூன்று தனி அலைவரிசைகளாகச் சேமிக்கப்படுகின்றன. மென்பொருளில் இவற்றை சானல் என்பார்கள். வழக்கமான 8 பிட் படத்தில் ஒவ்வொரு சானலுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றும் 0 என்றால் கருப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை, மூன்றும் சமமாக இருந்தால் சாம்பல். 256-ஐ மும்முறை பெருக்கினால் வரும் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட நிறங்கள் அத்தகைய படத்தில் இடம்பெறலாம். அச்சகத்தில் கணக்கு வேறு: அங்கே மைகள் வேலை செய்கின்றன. மயில்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகளால் எட்டமுடியாத பளிச்சென்ற பச்சைகளும் நீலங்களும் திரையில் உண்டு. திரையில் பார்த்த நிறம் அழைப்பிதழில் மங்கி வருவது பெரும்பாலும் இந்த எல்லையால்தான்.

படத்தில் எந்த ஒளிநிலையில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று காட்டும் வரைபடம் ஹிஸ்டோகிராம். இடக்கோடி கருப்பு, வலக்கோடி வெள்ளை. மேடு முழுவதும் வலக்கோடியில் முட்டி நின்றால், அந்த வெளுத்த பகுதியில் விவரம் பதிவாகவே இல்லை என்று பொருள். எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. கண்ணை நம்பித் திருத்துவதைவிட ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்துவது பாதுகாப்பானது. திரையின் வெளிச்சம் அறைக்கு அறை மாறும், வரைபடம் மாறாது.

குடுமியான்மலையில் பாறையில் வெட்டிய புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இதற்கு நல்ல பாடம். கிரந்த எழுத்தில் சுரக்குறிப்புகளை ஏழு பிரிவுகளாகக் கொண்ட அது, பொதுவாக 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. மேகமூட்டமான பகலில் நேர் எதிரே நின்று படமெடுத்தால் பாறையும் எழுத்தும் ஒரே சாம்பலாக வரும். ஹிஸ்டோகிராமின் மேடு நடுவில் ஒடுங்கி நிற்கும். லெவல்ஸ் என்ற கருவியில் கருப்பு முனையையும் வெள்ளை முனையையும் அந்த மேட்டின் இரு கரைகளுக்கு நகர்த்தினால், ஒடுங்கிய படிகள் 0 முதல் 255 வரை விரிந்து எழுத்து எழும்பி நிற்கும். கர்வ்ஸ் என்ற வளைகோட்டுக் கருவி இதே வேலையை நுணுக்கமாகச் செய்யும்: நடுச்சாம்பலை மட்டும் தூக்கலாம், நிழலை மட்டும் இறக்கலாம். பிரகாசம், கான்ட்ராஸ்ட் எனும் இரு சறுக்கிகள் இவற்றின் எளிய, முரட்டு வடிவங்கள்.

ஆனால் விரிப்பதற்கும் ஒரு விலை உண்டு. 70 முதல் 170 வரையிலான 101 படிகளை 256 ஆக விரித்தால், மீதிப் படிகள் வெறுமையாகவே இருக்கும். வானம் போன்ற வழவழப்பான பரப்புகளில் அது பட்டைபட்டையாகத் தெரியும். கேமரா உணரியின் மூலப் பதிவான ரா கோப்பில் 14 பிட் என்றால் ஒரு சானலுக்கு 16,384 படிகள். மிகுதியாக விரித்தாலும் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்வெட்டை மாலைச் சாய்வெயிலில் எடுத்தால் எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுந்து, திருத்தும் வேலை பாதியாகக் குறையும். படமெடுக்கும்போது சரிசெய்யக்கூடியதைக் கணினிக்கு ஒத்திப்போடுவது வீண்.

நிறத்திருத்தத்தில் முதல் படி வெண்சமன். விளக்கொளியில் எடுத்த படம் மஞ்சளாகவும் நிழலில் எடுத்தது நீலமாகவும் வரும். உண்மையில் சாம்பலாக இருக்கும் ஒரு பொருளைச் சுட்டினால் மென்பொருள் மொத்தப் படத்தையும் அதற்கேற்ப மாற்றும். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம், மீன்கள், யானைகள், பூப்பறிக்கும் ஆட்கள் ஆகிய உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. அந்தப் படத்தில் வெள்ளைத் தாமரையைச் சுட்டி வெண்சமன் செய்யத்தான் யாருக்கும் தோன்றும். அது தவறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தச் சுண்ணாம்பு வெள்ளை, புகையும் காலமும் படிந்து நிறம் மாறியது. அதை வெள்ளையாக்கினால் ஓவியத்தின் காவியும் பச்சையும் பொய்யாகிவிடும். படச்சட்டத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்து, அதைச் சுட்டுவதே ஆவணப்படத்துக்கு உரிய முறை. நிறச்செறிவைக் கூட்டும் சறுக்கியையும் இங்கே தொடக்கூடாது. ஒரு படத்தில் சித்தன்னவாசல் பச்சை கண்ணைப் பறித்தால் அது பெரும்பாலும் அந்தச் சறுக்கியின் வேலை. கோயிலில் அப்படி ஒரு பச்சை இல்லை.

தெரிவு, அடுக்கு, மறைப்பு

படத்தின் ஒரு பகுதியில் மட்டும் மாற்றம் வேண்டுமானால் அப்பகுதியை முதலில் வளைத்துக்கொள்ள வேண்டும், இது தெரிவு. செவ்வகமாகவோ கையால் வரைந்தோ நிற ஒற்றுமையைக் கொண்டோ தெரிவு செய்யலாம். விளிம்பைச் சில புள்ளிகள் அளவுக்கு மென்மையாக்காவிட்டால் வெட்டி ஒட்டியது தெரிந்துவிடும்.

லேயர் எனும் அடுக்கு, படத்தின்மேல் வைத்த கண்ணாடித் தாள் போன்றது; அதில் வரைவது கீழே உள்ளதைத் தொடாது. போட்டோஷாப்பில் இது 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்ந்தது. அடுக்கின் எந்தப் பகுதி தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று கருப்பு வெள்ளையால் குறிப்பது மாஸ்க் எனும் மறைப்பு: வெள்ளை தெரியும், கருப்பு மறையும், சாம்பல் பாதி தெரியும். அழிப்பானால் அழித்தது சேமித்து மூடிய பின் திரும்பாது. மறைப்பில் மறைத்ததை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். லெவல்ஸ், கர்வ்ஸ் போன்றவற்றையும் தனி அடுக்குகளாக வைத்துக்கொள்ளலாம். இவ்வாறு மூலப் புள்ளிகளைச் சிதைக்காமல் திருத்தும் முறையைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்பவருக்குப் பின்னால் வருத்தம் இருக்காது.

மறைத்தலும் நிரப்புதலும்

குளோன் கருவி ஓரிடத்துப் புள்ளிகளை அப்படியே எடுத்து இன்னோரிடத்தில் பதிக்கும். ஹீலிங் கருவி அவற்றின் இழையமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தைப் புதிய இடத்துக்கு ஏற்பக் கலக்கும். பழைய குடும்பப் படங்களில் கீறல், பூஞ்சை, மடிப்புக்கோடு ஆகியவற்றைப் போக்க இவ்விரண்டும் போதும். சமீப ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு இன்னும் ஒரு படி போய், இல்லாத பகுதியைப் புதிதாக உருவாக்கித் தருகிறது.

இங்கே ஒரு கோடு கிழித்தாக வேண்டும். சித்தன்னவாசல் ஓவியத்தில் பூச்சு உதிர்ந்து வெறுமையான பகுதிகள் உண்டு. தூணில் உள்ள ஆடல்மகளின் உருவிலும் சிதைவு உண்டு. மங்கிய கோட்டை லெவல்ஸால் தெளிவாக்குவது, பதிவான தகவலை வெளிக்கொணர்வது. உதிர்ந்த இடத்தில் கணினி வரைந்த தாமரையை வைப்பது, 9ஆம் நூற்றாண்டு ஓவியன் வரையாத ஒன்றை அவன் பெயரில் சேர்ப்பது. இரண்டும் ஒரே மென்பொருளில், அருகருகே உள்ள பொத்தான்களால் நடக்கின்றன. தன்மையில் இரண்டும் முற்றிலும் வேறு. பாறை ஓவிய ஆய்வாளர்கள் பயன்படுத்தும் டிஸ்ட்ரெட்ச் கருவி முதல் வகையைச் சேர்ந்தது. ஜான் ஹார்மன் உருவாக்கிய அது, கண்ணுக்குப் புலப்படாத சிறு நிறவேறுபாடுகளை விரித்து, மங்கிய காவிக் கோடுகளைப் பளிச்சென்ற பொய்நிறங்களில் காட்டும். நிறம் பொய்யென்று பார்த்தவுடன் தெரிவதால் அதில் ஏமாற்று இல்லை.

கூர்மை, இரைச்சல்

கூர்மையாக்கும் கருவி விளிம்புகளின் இருபுறமும் ஒளிவேறுபாட்டைக் கூட்டுகிறது; குவியம் தவறிய படத்தை அது சரிசெய்யாது. அளவு மிஞ்சினால் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படங்களில் பரவும் மணல்போன்ற புள்ளிகள் இரைச்சல் எனப்படும். அதை முழுவதும் நீக்கினால் கல்லின் சொரசொரப்பும் சேர்ந்து போய்விடும்.

கோப்பு வகைகள்

மேற்சொன்ன 24 மெகாபிக்சல் படம் சுருக்கப்படாமல் இருந்தால் சுமார் 72 மெகாபைட். 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத விவரங்களைக் கழித்து, கோப்பைப் பல மடங்கு சிறிதாக்கும். கழித்தது திரும்பாது, ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் கழியும். பிஎன்ஜி, டிஃப் ஆகியவற்றை இழப்பின்றிச் சேமிக்கலாம். எழுத்தும் கோடும் உள்ள படங்களுக்கும் ஒளிபுகும் பின்னணிக்கும் பிஎன்ஜி ஏற்றது; ஆவணக் காப்புக்கு டிஃப். திருக்கோகர்ணத்திலுள்ள ஞானாலயா போன்ற நூலகங்களில் இருக்கும் பழைய பதிப்புகளை ஸ்கேன் செய்யும் வேலைக்கும் அதுவே பொருந்தும். அடுக்குகளைக் காக்க வேண்டுமானால் மென்பொருளின் சொந்த வடிவமான பிஎஸ்டி அல்லது எக்ஸ்சிஎஃப் வேண்டும்.

அன்றாடத் தேவை இதற்கு நேர்மாறானது. வங்கிப் பணித் தேர்வுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பம் 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் படம் கேட்கிறது. இதற்குத் தரத்தை மட்டும் குறைத்தால் முகம் கட்டம்கட்டமாக உடையும்; முதலில் புள்ளி அளவைக் குறைத்து, பிறகு தரத்தைச் சற்றே இறக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கும். மூலம் அப்படியே போய்ச்சேர வேண்டுமானால் ஆவணமாக அனுப்ப வேண்டும்.

படத்தோடு சேர்ந்த தகவல்

கேமரா, தேதி, ஒளியமைப்பு, சில வேளை எடுத்த இடம் ஆகியவற்றைக் கோப்பு தன்னுள் வைத்திருக்கும். இது எக்ஸிஃப் எனப்படும் மேல்தகவல். வீட்டில் எடுத்த படத்தைப் பொதுவெளியில் இடுவோர் இடக்குறிப்பை நீக்குவது நல்லது. வரலாற்றுச் சின்னங்களின் படத்துக்கோ அந்தத் தகவல் பெரும் பயன் தரும். எனவே அதை நீக்காமல், எடுத்தவர், தேதி, செய்த திருத்தம் ஆகியவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். விக்கிமீடியா காமன்ஸில் திருத்திய படங்களுக்கென்றே தனி அறிவிப்பு வார்ப்புரு உண்டு. சித்தன்னவாசலையோ குடுமியான்மலையையோ படமெடுத்து வெளியிடுவோர் மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்திருப்பதும், என்ன திருத்தினோம் என்பதை ஒரு வரியிலாவது எழுதுவதும் கட்டாயம்.