தள்ளுதற்சீட்டு: சொல்லும் வரலாறும்

தமிழ் விவிலியம் பயில்வோர் ‘தள்ளுதற்சீட்டு’ என்னும் சொல்லை உபாகம நூலிலும், மத்தேயு, மாற்கு ஆகியோரின் நற்செய்தி நூல்களிலும் காண்பர். கணவன் மனைவியை விலக்குங்கால் எழுதி அவள் கையில் கொடுக்கும் ஆவணத்தின் பெயர் அது. ‘தள்ளுதல்’ என்பது வேண்டாததென ஒதுக்குதலைக் குறிக்கும். ஆதலின், பெண்ணைப் புறத்தே தள்ளுதற்கு ஆடவன் கைக்கொண்ட கருவியே அச்சீட்டு என்னும் எண்ணம் படிப்போர் உள்ளத்தில் எளிதில் பதிகின்றது. அவ்வாவணம் வழங்கிய காலத்தில் அதன் பயன் அதுதானா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சமயக் கோட்பாட்டை நிறுவுதலும் மறுத்தலும் எம் கருத்தல்ல. சொல்லும் அது வழங்கிய சூழலும், அச்சொல்லால் நம் நாட்டு மகளிர் வாழ்வில் நேர்ந்ததுமே ஈண்டு ஆராயப்படுவன.

இவ்வாராய்ச்சி திருவண்ணாமலைக்குப் புறம்பானதன்று. சைவப் பெருந்தலமாகிய இந்நகரில் டேனிஷ் மிஷன் பள்ளி நெடுங்காலமாகக் கல்விப்பணி ஆற்றி வருகின்றது. அந்த மிஷனின் வழியாக 1889இல் தமிழகம் போந்த லார்சன் என்பார் பின்னாளில் தமிழ் விவிலியத் திருத்தப் பணிக்குத் தலைமை தாங்கினார். எனவே விவிலியத் தமிழ் இவ்வட்டாரத்தின் கல்வி வரலாற்றோடும் தொடர்புடையது எனலாம்.

1. பண்டைக் கிழக்கு நாடுகளின் வழக்கு

மணவிலக்கு இசுரவேலரிடையே புதிதாகத் தோன்றியதன்று. கி.மு. 18ஆம் நூற்றாண்டினதாகிய அம்முராபியின் சட்டத் தொகுதி, மகப்பேறற்ற மனைவியை விலக்குபவன் அவளுக்குரிய மணப்பொருளைக் கொடுத்து, அவள் தந்தை வீட்டிலிருந்து கொணர்ந்த சீரையும் திருப்பித் தரவேண்டும் என்று விதிக்கின்றது. அசீரியச் சட்டமோ இத்துணை இரக்கம் காட்டவில்லை. விலக்கும் கணவன் விரும்பினால் ஏதேனும் கொடுக்கலாம். விரும்பாவிடின் அவள் வெறுங்கையோடு வெளியேற வேண்டியதே. ஆயினும் அச்சட்டமே, கணவன் பொருளொன்றும் வையாது நெடுந்தொலைவு சென்றுவிட, மக்களும் இன்றித் தனித்திருக்கும் மனைவி ஐந்தாண்டு காத்திருந்தபின் வேறொருவனை மணக்கலாம் என்றும், முன்னவன் மீண்டு வந்தாலும் அவளுக்கு உரிமை கோரலாகாது என்றும் கூறுகின்றது. கைவிடப்பட்டவளுக்கு மறுவாழ்வின் வாயில் எப்போது திறக்கும் என்பதே அக்காலச் சட்டங்களின் உள்ளீடான வினா என்பது இதனாற் புலனாகும்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டின் எலிபன்டைன் தீவில் வாழ்ந்த யூதக் குடியினர் எழுதிய அரமேய மண ஆவணங்கள் பாப்பிரசு ஏடுகளிற் கிடைத்துள்ளன. அவற்றில் கணவனே யன்றி மனைவியும் அவை நடுவே எழுந்து மணத்தை முறித்துக்கொள்ள உரிமை பெற்றிருத்தலைக் காண்கின்றோம். முறிப்பவர் யாராயினும் ‘வெறுப்பின் வெள்ளி’ எனப்படும் தண்டப் பொருளைச் செலுத்துதல் வேண்டும்.

2. சீட்டின் பெயரும் பொருளும்

உபாகமம் 24ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களைக் கூர்ந்து நோக்கின், அவை மணவிலக்கைப் புதிதாக ஏற்படுத்தவில்லை என்பது தெளிவாகும். மணவிலக்கு முன்னரே வழக்கிலிருந்தமையைக் கொண்டு, விலக்கப்பட்டு வேறொருவனை மணந்தவளை முதற்கணவன் மீண்டும் மனைவியாகக் கொள்ளலாகாது என்பதையே அவை விதிக்கின்றன. சீட்டு இடையில் வரும் செய்தியே. அச்சீட்டு இல்லையேல் அவள் எவனுடையவள் என்னும் ஐயம் எஞ்சும். இருப்பின் அவள் தன்னுரிமை உடையவளாவாள்.

அச்சீட்டின் எபிரேயப் பெயர் ‘சேபெர் கெரிதூத்’ என்பது. ‘கெரிதூத்’ என்பது வெட்டுதல், அறுத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. ஆகவே அது ‘அறுப்புச் சீட்டு’ ஆகும். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இதற்கு ‘அப்போஸ்தாசியோன்’ என்னும் சொல்லை ஆண்டனர். எகிப்தில் விற்பனை நடைபெறுங்கால், விற்ற பொருளின்மேல் தனக்கு இனி உரிமையில்லை என விற்றவன் எழுதிக் கொடுத்த விடுகை ஆவணத்திற்கும் இச்சொல்லே வழங்கிற்று. யூதரின் மிசுனா நூலோ, மணவிலக்கு ஆவணத்தின் உயிர்நிலை, அப்பெண் எவரையும் மணக்கலாம் என அறிவிக்கும் பகுதியே என்று வரையறுக்கின்றது. யூதேயப் பாலைநிலத்து முரப்பாத் குகையிற் கிடைத்த, மசாதாவில் எழுதப்பட்ட மணவிலக்கு ஆவணமும் இவ்வுரிமையை வெளிப்படையாகக் கூறுகின்றது.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். சீட்டைக் கொடுப்பவன் ஆடவனே. விலக்கும் உரிமையும் பெரும்பாலும் அவனதே. ஆயினும் சீட்டின் பயன் பெண்ணுக்கு உரியது. அஃது அவளைத் தள்ளும் கருவியாவதினும், அவன் உரிமை அற்றமைக்குச் சான்றாவதே மிகுதி.

3. இயேசுவும் பவுலும்

உபாகமம் மணவிலக்கிற்குக் கூறும் காரணத் தொடர் பொருள் தெளிவற்றது. அதனை ஒழுக்கக்கேடு ஒன்றற்கே உரியதாகக் கொண்டனர் சம்மாய் வழியினர். இல்லெல் வழியினரோ உணவைக் கெடுத்தலும் போதிய காரணமே என்றனர். எக்காரணத்தாலும் மனைவியை விலக்கலாமோ எனப் பரிசேயர் இயேசுவை வினவியதாக மத்தேயு 19ஆம் அதிகாரம் கூறுவது இவ்வழக்கின் நடுவே எழுந்த வினாவாகும்.

இயேசு இரு பிரிவினர் வழியிலும் நின்று விடை கூறவில்லை. சட்டத்தை விடுத்து ஆதியாகமத்திற்குச் சென்று, இருவரும் ஓருடலாதலைக் காட்டினார். மோசே இசைவளித்தது மக்களின் மனக்கடினத்தை முன்னிட்டே என்றார். தமிழ் மாணாக்கர்க்கு இக்கருத்து அயலானதன்று. மக்களிடையே வஞ்சனையும் நெறிவழுவலும் தலைகாட்டிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது எனத் தொல்காப்பியர் கற்பியலில் உரைத்தமையை ஈண்டு ஒப்புநோக்கலாம். இரண்டிடத்தும், விதி என்பது குறைபாட்டிற்குப் பின் வந்ததாகவும், அன்பின் இயல்பு அதற்கு முற்பட்டதாகவும் கருதப்படுகின்றது. கார்த்திகைத் தீபத்தன்று அண்ணாமலையில் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளும் காட்சியும் இருமையின் ஒருமையை உணர்த்துவதே. எனினும் அது இறைமையின் இயல்பை விளக்குவது. ஆதியாகமம் மாந்தர் மணத்தைப் பற்றியது. ஒப்புமை கொண்டு இரண்டையும் ஒன்றாக்குதல் பொருந்தாது.

மத்தேயு ‘போர்னேயா’ என்னும் ஒழுக்கக்கேட்டை விலக்கிற்குக் காரணமாகக் குறிக்க, மாற்கும் லூக்காவும் அவ்விலக்கைக் குறித்திலர். மனைவி கணவனை விலக்குதலையும் மாற்கு பேசுகின்றார். உரோமச் சட்டத்தில் பெண்ணுக்கும் அவ்வுரிமை இருந்தமை நினைக்கத்தக்கது. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் கட்டளையையும் தம் சொல்லையும் பிரித்துக் காட்டி, நம்பிக்கை கொள்ளாத துணை பிரிந்து சென்றால் எஞ்சியவர் கட்டுப்பட்டவர் அல்லர் என்கின்றார். ‘கட்டுப்பாடின்மை’ மறுமணத்தையும் உள்ளடக்குமோ என்பது இன்றளவும் அறிஞரிடைக் கருத்து வேறுபாட்டிற்கு இடனாயுள்ளது.

4. தமிழ்நிலமும் ஆங்கிலச் சட்டமும்

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கிறித்தவம் தழுவியவரை அவர்தம் கணவரோ மனைவியரோ கைவிட்டபோது, அவர்கள் மறுமணம் செய்யலாமோ என்னும் வினா நம் நாட்டில் நீதிமன்றம் ஏறியது. 1866ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் பவுலின் சொல்லை அடியொற்றியது. மதம் மாறியமை காரணமாக ஆறு மாதம் கைவிடப்பட்டவர் வழக்குத் தொடுக்கலாம். நீதிபதி எதிர்த்தரப்பினரை நேரிற் கண்டு வினவி, ஓராண்டு வழக்கை ஒத்திவைப்பார். அதன்பின்னும் மனம் மாறாராயின் மணம் முறிக்கப்படும். இருவரும் மறுமணம் செய்துகொள்ளலாம்.

1869ஆம் ஆண்டின் இந்திய மணவிலக்குச் சட்டமோ வேறு நெறியிற் சென்றது. கணவன், மனைவியின் பிறர்மனை ஒழுக்கம் ஒன்றையே காட்டி விலக்குப் பெறலாம். மனைவியோ, அதனோடு கொடுமை, ஈராண்டுக் கைவிடல் முதலியவற்றுள் ஒன்றையும் சேர்த்து மெய்ப்பித்தல் வேண்டும். கணவன் கைவிட்டுச் சென்றான் என்பது மட்டும் அவளுக்கு விடுதலை அளிக்கவில்லை. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே இருபாலார்க்கும் ஒத்த காரணங்களும், ஈராண்டுக் கைவிடலைத் தனிக் காரணமாகக் கொள்ளுதலும், இருவர் இசைவால் பிரிதலும் இடம்பெற்றன. நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள், தள்ளப்பட்டும் விடுதலை பெறாத பெண் இச்சட்டத்தின்கீழ் நின்றாள்.

இந்நிலையில் நாட்டார் வழக்கு நோக்கத்தக்கது. தமிழகத்துச் சமூகங்கள் பலவற்றில் ‘அறுத்துக்கட்டுதல்’ என மறுமணம் வழங்கிற்று. மதுரை வட்டாரத்துக் கள்ளரிடையே கணவன் ஊரார் முன்னிலையில் மனைவிக்கு ஒரு துரும்பு கொடுத்தலே மணவிலக்காயிருந்தமையையும், ‘துரும்பு கொடுத்தல்’ என்பதே விலக்குதலைக் குறித்தமையையும் 1909இல் வெளிவந்த தர்ஸ்டன் தொகுதிகள் குறிக்கின்றன. எழுத்தில்லாத அத்துரும்பு, எபிரேயச் சீட்டு செய்த பணியையே செய்தது. இத்தகைய வழக்காற்று மணவிலக்கை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் 29ஆம் பிரிவில் காத்துள்ளது.

5. முடிவுரை

1715ஆம் ஆண்டளவில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சேற்றியது முதல் தமிழ் விவிலியம் பன்முறை திருத்தமுற்றது. 1871இல் வெளிவந்து பரவிய திருத்தத்தில் ‘தள்ளுதற்சீட்டு’ நிலைத்தது. 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு, மத்தேயுவில் ‘மணவிலக்குச் சான்றிதழ்’ எனப் பெயர்த்தது. முன்னது கொடுப்பவன் செயலைச் சுட்டுவது. பின்னது பெறுபவள் கையில் சான்றாக நிற்பது. மூலமொழிகளின் சொற்பொருளுக்குப் பின்னதே அணித்தென்பது எம் துணிபு. ‘அறுப்புச் சீட்டு’ என்றிருப்பின் எபிரேயத்திற்கும் நாட்டு வழக்கிற்கும் ஒருங்கே பொருந்தியிருக்கும்.

சட்டம் இயற்றியோர் இத்தமிழ்ச் சொல்லைக் கண்டு இயற்றினர் என்பது எம் கருத்தன்று. ஆயின் மணவிலக்கை ஒதுக்குதலாக மட்டுமே கண்ட பார்வை, ஒதுக்கப்பட்டவள் விடுதலையை மறந்தது என்பது சொல்லிலும் சட்டத்திலும் ஒருங்கே தெரிகின்றது. மொழிபெயர்ப்புச் சொற்களை ஆராயப் புகும் மாணாக்கர், ஒரு சொல் யாருடைய பக்கம் நின்று பேசுகின்றது என்பதையும் வினவுதல் வேண்டும்.