மரைக்காயர்: ஒரு பெயரும் அதன் வேர்களும்

தமிழக முஸ்லிம்களிடையே வழங்கும் பட்டப்பெயர்களுள் கடலோடு நெருங்கிய உறவுடையது 'மரைக்காயர்' என்பதாகும். பழவேற்காடு முதல் பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் வரையுள்ள கடற்கரை ஊர்களில் இப்பெயர் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. இதன் வேர் யாது என்னும் வினா சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. நம் முன்னோர் யாவர் என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது.

இதுபற்றிக் கூறப்படும் கருத்துகளுள் முதன்மையானவை இரண்டு. கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லே மரைக்காயர் என மருவியது என்பது ஒன்று. கரையிறங்கியவர்களிடம் நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள் என மக்கள் வினவியபோது அவர்கள் 'மர்கப்' என்று விடையிறுத்தார்கள் என்றும், அதுவே அவர்கள் பெயராயிற்று என்றும் வழங்கிய கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்துள்ளார். 'மரக்கலராயர்' என்னும் தமிழ்ப் பட்டமே திரிந்து மரைக்காயர் ஆயிற்று என்பது மற்றொன்று.

இவற்றுள் இரண்டாவதே வலுவுடையது என நாம் கருதுகிறோம். முதற்கருத்துக்குத் துணையாக நிற்பது ஒரு கதையே. இரண்டாவதற்கோ அயல்மொழி ஒன்று சான்று பகர்கிறது. இலங்கைச் சோனகரைச் சிங்களவர் 'மரக்கல' என்றே அழைத்து வந்துள்ளனர். தமிழில் மறைந்துபோன லகரம் அங்கே அழியாமல் நிற்கிறது.

சொல் தமிழாக இருப்பதால் அரபுத் தொடர்பு பொய்யாகிவிடாது. மரைக்காயர் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவது, யமன், மலபார், மலாய் நாடுகள் ஆகியவற்றோடு அவர்களை இணைத்த கடல்வழியை நினைவூட்டுகிறது. ஆயினும் இப்பட்டம் முதற்கண் குறித்தது குருதியை அன்று, தொழிலையே.

தொழிலோடு பெயரும் பயணம் செய்தது. மலபாரில் சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர் எனப்பட்டனர். அவர்களுள் நான்காமவரைப் போர்த்துக்கீசியர் 1600இல் கோவாவில் கொன்றனர். பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வணிகப் பெருமகன் வள்ளல் சீதக்காதி, பெரியதம்பி மரைக்காயர் என்றும் அறியப்பட்டார். பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவிய காதர் முஹ்யித்தீன் மரைக்காயர் பரங்கிப்பேட்டையிலிருந்து சென்றவர். இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த ஜைனுலாப்தீன் மரைக்காயரின் மைந்தரே குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம்.

தமிழகத்தில் இது பெயரின் பின் விரும்பிச் சேர்க்கும் பட்டமாகவே பெரிதும் இருந்தது. கடல் கடந்த இடங்களிலோ நிலையான குடும்பப் பெயராகியது. இலங்கையில் அது 'மரிக்கார்', 'மாக்கார்' என்றாயிற்று. 1978 முதல் 1983 வரை நாடாளுமன்றச் சபாநாயகராக இருந்த பாக்கீர் மாக்காரின் பெயர் இதற்குச் சான்று. பினாங்கிலும் கெடாவிலும் அது 'மெரிக்கன்' ஆயிற்று. அக்குடும்பங்கள் பலவற்றில் இன்று மலாயே தாய்மொழி. பெயர் ஒன்றே சோழமண்டலக் கரையை நினைவில் வைத்திருக்கிறது.

இப்பெயருடையோர் எத்தனை பேர்? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தமிழகத்தில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காட்டினர் என்று கூறுகிறதேயன்றி, அவர்களுள் மரைக்காயரைப் பிரித்துக் காட்டவில்லை. 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கப்பட்டபோதும், ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பை என்னும் ஒரே பிரிவின்கீழ் அடக்கப்பட்டனர்.

அரசின் பட்டியல் ஒன்றாக அடக்கியதை நம் மண உறவுகள் நெடுங்காலம் பிரித்தே வைத்திருந்தன. கலம் செலுத்தியவரின் சிறப்புப் பெயர் காலப்போக்கில் குல உயர்வின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. மர்கப் கதையின்மீது சிலர் கொண்ட பற்றுக்கும் இதுவே காரணம் எனலாம். இனங்களும் கிளைகளும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. மரைக்காயர் என்னும் பெயரை முன்னோரின் உழைப்புக்கும் துணிவுக்கும் உரிய சான்றாகப் போற்றுவோம். பிறரினும் உயர்ந்தோம் என்பதற்கு அதில் இடமில்லை.