பாலைவனத்துச் சாடியும் நயினாதீவுக் கல்லும்

தென் எகிப்தில், நைல் நதிக்கு அருகே, நாக் ஹமாடி என்ற ஊரையடுத்து ஒரு செங்குத்துப் பாறைமலை உண்டு. அதன் குகைகளில் சில, ஏறத்தாழ 4,300 ஆண்டுகளுக்கு முன்னர் கல்லறைகளாகக் குடையப்பட்டவை. 1945 டிசம்பரில் உரமண் எடுக்கச் சென்ற உழவர்கள் அந்த மலையடிவாரத்தில் மண்சாடி ஒன்றைக் கண்டெடுத்தனர். அதனுள் தோலுறையிட்ட 13 பப்பைரசு ஏட்டுத்தொகுதிகள் இருந்தன. கொப்டிக் மொழியில் எழுதப்பட்ட, ஆதிக் கிறிஸ்தவ காலத்தின் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆக்கங்கள் அவற்றில் கிடைத்தன. சில தாள்கள் வீட்டு அடுப்பில் எரிந்துபோனதாகக் கண்டெடுத்தவரே பின்னாளில் கூறினார். எஞ்சியவை இன்று கெய்ரோவிலுள்ள கொப்டிக் அருங்காட்சியகத்தில் உள்ளன.

சுமார் 1,600 ஆண்டுகள் அவை அழியாதிருந்ததற்குக் காரணம் அங்குள்ள வறண்ட மண். எமது தீவகத்தில் அந்த வசதி இல்லை. உப்புக்காற்றும் மாரிமழையும் கறையானும் பனையோலையைச் சில நூற்றாண்டுகளுக்கு மேல் விட்டுவைப்பதில்லை. பழுதான ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைப்பதே எமது முன்னோரின் வழி. யாழ்ப்பாண இராச்சிய கால மருத்துவ நூலான பரராசசேகரம் இவ்வாறே தலைமுறைகளைக் கடந்தது. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 20ஆம் நூற்றாண்டில் அதனை அச்சேற்றினார்.

ஏடு அழிந்தாலும் மண்ணும் கல்லும் சிலவற்றைக் காத்துள்ளன. வேலணையின் சாட்டியிலும் காரைநகரிலும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இருந்ததைத் தொல்லியலாளர் பொ. இரகுபதி தமது கள ஆய்வில் பதிவுசெய்தார். குடாநாட்டின் ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்த ஈமக்குழியில், எலும்புக்கூட்டுடன் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்று கிடைத்தது. ஈமக்குழியும் எழுத்தும் ஒன்றாகக் கிடைத்த எமது மண்ணின் சான்று அது.

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்திலுள்ள கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டுக்குரியது. பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அதில் தமிழில் வெட்டப்பட்டுள்ளது. ஊராத்துறை, அதாவது இன்றைய ஊர்காவற்றுறை, அன்று பிறநாட்டு வணிகர் வந்திறங்கும் துறைமுகம். அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்க வேண்டும் என்கிறது ஆணை. யானை, குதிரை ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. ஏனைய வணிகக் கப்பல் உடைந்தால் இருவருக்கும் சரிபாதி. இவ்விதி நிலைத்திருக்கக் கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டதாக அக்கல்வெட்டே கூறுகிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து வெளியிட்டார். தமிழ் இத்தீவுகளில் ஆட்சிக்கும் வணிகத்துக்கும் உரிய மொழியாக இருந்ததற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆனால் வீடுகளில் இருந்தவற்றுக்குக் கல்லின் உறுதி இல்லை. 1981இல் யாழ் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாகின. 1990இல் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது, வைத்திய வாகடங்களும் சோதிட ஏடுகளும் காணி உறுதிகளும் பூட்டிய வீடுகளில் தங்கிவிட்டன. கூரை விழுந்த வீட்டில் ஓலை பல மாரிகளைத் தாங்காது. பார்த்து எழுதிவைக்க ஆளில்லாமற்போனதும் பழைய காப்புமுறையும் அற்றுப்போனது.

எஞ்சியதைக் காக்க இப்போதும் வழியுண்டு. பழைய ஏடு கிடைத்தால் கழுவவோ ஒட்டிய ஓலைகளைப் பிரிக்கவோ வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ, சுவடிகளை மின்வடிவாக்கிவரும் நூலக நிறுவனத்துக்கோ அறிவியுங்கள். கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ தாழியோ எலும்போ தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். எதையும் எடுக்காமல் கிடந்தபடியே படம்பிடித்து அறிவியுங்கள். பொருளை இடத்திலிருந்து பிரித்துவிட்டால் அது எந்தக் காலத்தது, யாருடையது என்று சொல்வது கடினம். புலம்பெயர்ந்து வாழ்வோர் ஊர் வீட்டின் பெட்டகத்தில் என்ன இருந்தது என்று மூத்தோரிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.