முன்கையில் அளந்த சூடு



ஏற்காட்டில் என்னிடம் படித்த ஒருவரின் தந்தைக்குக் கல்லீரலில் கட்டி. "சார், ஊசி மாதிரி ஒன்றைச் செருகி மைக்ரோவேவில் சுடுவார்களாம். எவ்வளவு தூரம் வேகும் என்று எப்படித் தெரியும்?" என்று போனில் கேட்டார். வகுப்பில் இருந்தபோது இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை! சிகிச்சையைப் பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு வந்த கதையை நான் சொல்கிறேன்.

இந்த அலைகள் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1890-களிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சில மில்லிமீட்டர் நீள அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். உலகப் போரில் ரேடாருக்காக வளர்ந்த நுட்பம், பிறகு சமையலறை அடுப்பானது.

ஆனால் அடுப்பில் வைத்த உருளைக்கிழங்குக்குள் ரத்தம் ஓடுவதில்லை. கல்லீரலில் ஓடுகிறது, ஓடும்போது சூட்டையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள், ஓடையை ஒட்டிய சருகு லேசில் தீப்பிடிக்காது. அதே சங்கதிதான்.

இதைக் கணக்கில் கொண்டு வந்தவர் அமெரிக்காவின் ஹாரி பென்னஸ். ஓய்வாக இருந்தவர்களின் முன்கைக்குள் மெல்லிய வெப்பமானிக் கம்பிகளைச் செலுத்தி, உள்ளே எங்கே எவ்வளவு சூடு என்று அளந்தார். (கை நீட்டிய அந்தப் புண்ணியவான்களை நினைத்துக்கொள்கிறேன்.) 1948-ல் வெளியான அவருடைய சமன்பாட்டில், ரத்தம் கொண்டு போகும் வெப்பத்துக்கென்றே தனி உறுப்பு உண்டு. கல்லீரல் கணக்குக்கும் இன்றுவரை அதுதான் அடிப்படை.

அலைக்கு வேறு கணக்கு. 1966-ல் கேன் யீ, இடத்தைக் கட்டம் போட்ட நோட்டுப் போலச் சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்து, மேக்ஸ்வெல் விதிகளைக் கணினியில் படிப்படியாகத் தீர்க்கும் வழியைக் காட்டினார். 1994-ல் ஜப்பானிய மருத்துவர்கள், அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே தோல் வழியாக ஆன்டெனாவைச் செருகிச் சிறிய கல்லீரல் புற்றுக்கட்டிகளைச் சுட்டதை வெளியிட்டார்கள். அலையும் சூடும் கணினியில் ஒன்றாகச் சேர்ந்தபோது ஒரு குறை தெளிவாகத் தெரிந்தது: அலையில் ஒரு பங்கு ஆன்டெனாத் தண்டு வழியே பின்னால் திரும்பி, வழியிலுள்ள நல்ல திசுவையும் வேக வைக்கிறது. அதைத் தடுக்கும் அமைப்புகளை முதலில் திரையில்தான் சோதித்தார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் நுண்ணலை வெப்பத்தால் புற்றுநோயை எதிர்கொள்ளும் ஆராய்ச்சி நடக்கிறது.

60 டிகிரி செல்சியஸ் தாண்டினால் செல்கள் உடனே மடியும். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் இருந்தால் அந்த ஓரம் மட்டும் வேகாமல் தப்பிவிடலாம். ஒவ்வொருவர் உடம்பிலும் ரத்த ஓட்டம் வேறு. கணினிக்கு நாம் கொடுப்பதோ ஒரு சராசரி எண். அதனால்தான் கட்டியைச் சுற்றி 5 முதல் 10 மி.மீ. வரை சேர்த்து வெந்திருக்கிறதா என்று பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போக வேண்டுமே என்று யாரும் அந்த ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.